மதுரையில் மரத்தடி வீடு

"ஊருக்கு நடுவுல வீடு வாங்குறவன்..." என்று என் மாமனார் ராமசுப்பு ஏதோ சொல்வார். மிச்சம் மறந்துவிட்டது. நல்லதாகத்தான் இருக்கும் என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

பம்பாய் ரயிலில் இருபது வருடம் நசுங்கிவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பியவன் நான். எனக்கு வேண்டியது ஒரு மரம், ஒரு நாற்காலி, ஒரு புத்தகம், மனிதர்கள் இல்லாத ஒரு மத்தியானம். இங்கே வாடகை வீட்டில் மரம் இல்லை. மத்தியானம் என்றால் மனைவியின் சொந்தக்காரர்கள். எங்கள் வீட்டுக் காப்பி டம்ளர் காய்ந்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் மதுரை நடுவே ஒருவர் அடுக்குமாடி கட்டினார். நின்ற வேப்பமரம் ஒன்றைக்கூட வெட்டவில்லை. சுவர்தான் வளைந்து போயிற்று. மழைத்தண்ணீர் மொத்தமும் தரைத்தொட்டிக்கு. ஜன்னலைத் திறந்தால் அணில். அதில் ஒரு வீடு வாங்கியே தீருவதென்று சபதம் எடுத்தேன்.

என் மனைவி தங்கச்செல்விக்கோ அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில், தன் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து மனைமேல் ஒரு வருடமாகக் கண். பெரிய யுத்தத்துக்குத் தயாராகித்தான் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கட்டியவரிடம் இரண்டே கேள்வி கேட்டாள்.

"பெரியாஸ்பத்திரி எம்புட்டுத் தூரம்?"

"நடந்தே போயிரலாம்மா."

"பஸ் ஸ்டாண்டு?"

"அதுவும் நடைதாம்மா."

"நல்ல வீடுங்க," என்றாள் என்னிடம்.

யுத்தம் இல்லாமலே வெற்றி! திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டையே அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஊர் வந்ததும் அவள் செய்தது ஒன்றே ஒன்று. சந்தோசத்தைச் சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாளே பந்தல்குடி சின்ன மாமனார் மாரிச்சாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, தங்க எடமில்லாமத்தான் கண்ணு ஆப்பரேசனைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். சாமி மாதிரி வீடு வாங்குறீக!"

"ஒரு கண்ணுதானே மாமா?"

"ரெண்டும், மாப்ளே. ஒண்ணு ஆறின பெறகுதான் அடுத்தது."

அடுத்து மச்சான் பெண்டாட்டி சரஸ்வதி. "அண்ணே, எங்க மூத்தவளை மதுரைக் காலேஜுல சேத்திருக்கோம்ல. ஹாஸ்டல் சோறு வாயில வைக்க முடியலையாம். இனி கவலையில்ல."

திருச்சுழியிலிருந்து ஒரு கோஷ்டியே வந்தது. "சித்திரைத் திருவிழாவுக்கு வேன்ல வாரோம். மரம் இருக்காமே? அடியில அடுப்பைக் கூட்டிருவோம். கெளையில தொட்டில். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நாப்பது பேருதான்."

என் ஒற்றை நாற்காலி கூட்டத்தில் காணாமல் போவது கண்ணில் தெரிந்தது.

"ஏன்டி, மதுரை வீடு வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

தங்கச்செல்வி அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் எதுக்கு வேண்டாம்ங்கணும்? எப்பப் பால் காய்ச்சுறீகன்னு எல்லாரும் கேக்காக."

"பாளையம்பட்டின்னா?"

"அங்கன எவுக வந்து தங்குவாக? அவுகவுக வீடுதான் பக்கத்துல இருக்கே. காப்பியோட எந்திரிச்சிருவாக. அந்த மனையில பின்னாடி ஒரு வேம்பு நிக்கி, பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை.

"ஒங்கப்பா என்னமோ சொல்வாரே, ஊருக்கு நடுவுல வீடு வாங்குறவன்..."

"கதவு வாங்க வேண்டாம்பாக."

வெள்ளிக்கிழமை காலையில், பாளையம்பட்டி மனையை வாங்குவதென்று முடிவு செய்தேன்.