சித்தியின் அறைக்கு ஆள் தேடிய கதை

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். நீங்களும் சித்தப்பாவும் சௌக்கியமா? சித்தப்பா என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. பதினோரு வருஷம் எங்கள் மாடியில் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாம் வயதில் கல்யாணம் செய்துகொள்வீர்கள் என்று இந்த வீட்டில் யாருமே நினைக்கவில்லை.

அறை காலியாகக் கிடந்தால் திரும்பி வந்துவிடத் தோன்றும், அதற்கு ஆள் வரும்வரை பெட்டியைப் பிரிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உடனே 'அறை வாடகைக்கு' என்று வாசலில் அட்டை மாட்டினோம். "படிச்சவ நீதானே, வர்றவங்க எப்படி நடந்துக்கணும்னு அழகா எழுதிக் குடு" என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குளிக்கும்போது பாட வேண்டும், சுருதி முக்கியமில்லை. பேப்பரை முதலில் எடுத்து மரண அறிவிப்புகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பா பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் மாடிப்படியிலிருந்தே கண்டிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு சண்டை போட்டு, சாயங்காலம் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அது விதிமுறையே இல்லை, நீங்கள்.

முதலில் ஒரு வங்கிக் காசாளர் வந்தார். படித்துவிட்டு, "சண்டை கட்டாயமாங்க?" என்று கேட்டார். "கட்டாயம்னு இல்ல, மாசத்துக்கு ரெண்டு தடவை போட்டாலும் போதும்" என்று அம்மா இறங்கிவந்தாள். யோசித்துச் சொல்வதாகப் போனவர், மறந்துவிட்ட குடையை எடுக்கக்கூட வரவில்லை. அடுத்து வந்த நர்ஸ் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மாடிக்குக் கூட்டிப்போனாள். "இந்த ஆணியில அவ துண்டு போடுவா, நீங்க வேற அடிச்சுக்கங்க. இங்க உக்காந்துதான் தலை சீவுவா, கட்டில் போட்டுறாதீங்க." நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாக, "அவங்க தவறி எத்தனை நாளாச்சுங்க?" என்றார். "நல்ல வார்த்தை பேசத் தெரியாதா உங்களுக்கு?" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவர் ரெண்டு ரெண்டு படியாக இறங்கினார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. ஆனால் மறுநாள் ஒரு தையல் டீச்சர் வந்தபோது அவரேதான் கதவைத் திறந்து, "அதுல ஆள் இருக்காங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். "யாரு இருக்கா?" என்றாள் அம்மா. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கல்லூரிக்குப் போன முதல் நாள், பஸ் ஸ்டாப் வரை வந்து, "திரும்பிப் பாக்காம போடி" என்றீர்கள். நான் பார்த்தேன் சித்தி. பஸ் வளைவு திரும்பும்வரை நீங்கள் நின்றீர்கள்.

ஆகவே அம்மாவும் அப்பாவும் இப்படி இருக்கும்வரை அறைக்கு ஆள் வராது. நீங்களே அம்மாவைக் கண்டித்து நாலு வரி எழுதுங்கள். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம். இருவரும் நூறு வருஷம் சண்டை போட்டுச் சமாதானமாக வாழச் சின்னவளின் வாழ்த்து.

உங்கள் மகள்.

பின்குறிப்பு: அம்மாவுக்கு எழுத வேண்டாம். உறை ஒட்டப் பசை கேட்கப் போனவள், என்ன தைரியமோ, "அந்த ரூமை நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் பாய் சுருட்டும் எனக்கும் ஓர் அறை வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை. அப்பா நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எந்த ஊரு, என்ன வேலை?" என்று விசாரித்தார். அம்மா மட்டும், "நீ எத்தனை நாள் இருப்ப?" என்றாள். நான் பசையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்துவிடுங்கள் சித்தி. இங்கே வரும்போது கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்.