மூன்று ராணிகளைக் கொன்றவன்

எனக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கத்தில் பிறந்த யாரும் கூசாமல் சொல்லக்கூடிய பொய்தான் இது. பஸ் போர்டு படிப்போம், ரேஷன் கடையில் சண்டை போடுவோம், அத்தோடு புலமை வந்துவிட்டதாக நினைப்பு. (சண்டை முற்றினால் தமிழ் வந்துவிடும், அது வேறு விஷயம்.) அந்த நினைப்பால் என் அக்கா குடும்பம் ஊரை விட்டே போனது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் சரசக்காவின் கிணறு வற்றிவிட்டது. கடலை காய்ந்துபோனது. மச்சான் இடுக்கி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார். அக்காவுக்குப் போக மனமில்லை. விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று பெட்டி வாங்கி வந்து தென்னைக்கடியில் வைத்தாள்.

"சித்திரை வரைக்கும் பாக்கலாமுங்க. இந்த ஈ நின்னா நாமளும் இங்கயே நிக்கலாம். இல்லீனா மூட்டையக் கட்டிரலாம்" என்று மச்சானைச் சம்மதிக்க வைத்தாள்.

தேனீ வளர்ப்பு வகுப்பு நல்லேப்பிள்ளியில் நடந்தது. ஆபீசர் மலையாளத்தில்தான் பேசுவார். "உனக்குத்தான் நல்லா வருமேடா தம்பி, நீ போயிக் கேட்டுப்போட்டு வா" என்று அக்கா என்னை அனுப்பினாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேண்ட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, புரிந்ததற்கும் புரியாததற்கும் சேர்த்துத் தலையாட்டினேன். கூட்டம் பெருத்தால் தேனீக்கள் பிரிந்து பறந்துவிடும் என்றார் ஆபீசர். அது புரிந்தது. அதைத் தடுக்க "ராணியற முறிச்சு களயணம்" என்றார். ராணிய முறிச்சுக் களையணும்! இது தமிழேதான் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ராணியற என்றால் புது ராணி வளர்கிற அறை. தேனடையின் ஓரத்தில் விரல் நுனி மாதிரி தொங்கும். அதைத்தான் அவர் வெட்டச் சொன்னார். கடைசியில் இருந்த 'ற'வை நான் விழுங்கிவிட்டு, ராணியைக் கொல்லச் சொன்னதாக அக்காவிடம் வந்து சொன்னேன்.

"ராணி இல்லாம மத்ததெல்லாம் எப்படிடா இருக்கும்?" என்றாள் அக்கா. வகுப்புக்கே போகாதவள் சரியான கேள்வியைக் கேட்டாள்.

"ராஜாக்களுக்கே மானியத்த நிறுத்திப்போட்டாங்க, இதுல ராணி எதுக்குக்கா?" என்றேன். (இந்தப் பதிலுக்காக அன்று முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

ஒரு பகல் முழுக்கத் தேடி, இடது கண் மூடிப்போகும் அளவுக்குக் கொட்டு வாங்கி, மூன்று ராணிகளையும் பிடித்து நசுக்கினேன். அந்த உழைப்பை வேறு எதிலாவது காட்டியிருந்தால் உருப்பட்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால், அடைகளில் புதிதாக என்னென்னவோ தொங்கின. ராணியை இழந்த தேனீக்கள் அவசரமாக வேறு ராணியை வளர்க்கப் பார்த்திருக்கின்றன. நான் அதைச் சீக்கு என்று முடிவுகட்டி, பிளேடால் ஒன்று விடாமல் அறுத்தெறிந்தேன். ஆக, ஆபீசர் சொன்னதையும் கடைசியில் செய்துவிட்டேன்.

அதற்குப்பின் முட்டை வைக்க ஆளில்லை. கூட்டம் நாளுக்கு நாள் இளைத்தது. பெட்டிகளைப் பார்க்க வந்த ஆபீசர், அடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராணி எவிடெ?" என்றார்.

"நீங்க சொன்னபடி முறிச்சாச்சுங்க சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தென்னைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு விரலை நீட்டி, அந்த அறை எப்படித் தொங்கும் என்று காட்டினார். அக்கா திட்டவில்லை. "சாருக்கு மோர் கொண்டு வாடா தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் மூன்று பெட்டியும் காலி. இடுக்கி கிளம்பிய அக்கா குடும்பத்தை மீனாட்சிபுரத்தில் பஸ் ஏற்றிவிடப் போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னை நேரத்தோடு சாப்பிடச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றும் வீட்டுக்கு ஒரு மலையாளக் கடிதம் வந்து நான் படித்துச் சொன்னால், "'ற'வையும் சேத்திப் படிச்சீங்களா?" என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

போன தடவை இடுக்கி போயிருந்தபோது, அக்கா தன் மருமகனிடம் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த ஆபீசரு வாய்க்குள்ளயே பேசுவாருங்க மாப்ள. என்ற தம்பி என்ன பண்ணுவான், பாவம்!"

அவர் வாய்க்குள் பேசவில்லை. கணீரென்றுதான் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் கேட்டதற்காக இரண்டாம் தடவையும் சொன்னார். அதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காப்பியைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.