அமர்ந்த டாக்டரும் அமரர் டாக்டரும்

போர் முடிந்த கையோடு கடல் தாண்டி வந்து, எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கையையும் காலையும் காப்பாற்றிக் கொடுத்த வெளிநாட்டு டாக்டருக்கு, நன்றி மறவாத ஜனங்களாகிய நாங்கள் ஒரு சிலை வைக்கத் தீர்மானித்தோம். முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மனுஷர் அவர். ஆகவே அரசாங்கத்துக்குப் போட்ட மனுவில் "அமர்ந்த டாக்டர் சிலை" என்று தெளிவாக எழுதினோம். எழுதியவன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரான நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நினைவுச்சின்னத் துறைத் தட்டச்சருக்கு அது பிழையாகப் பட்டிருக்கிறது. சிலை என்றால் அமரருக்குத்தானே! "அமரர் டாக்டர் சிலை" என்று அன்போடு திருத்திவிட்டார். அப்படியே ஆணை பிறந்தது, கல்லிலும் வெட்டியாயிற்று.

சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் மறுவாரம் அரசு மருந்துக் கிடங்குக்கு டாக்டர் அனுப்பிய மருந்துச் சீட்டு திரும்பி வந்தது. "காலமானவர் கையொப்பம் ஏற்பதற்கில்லை." அந்தச் சீட்டில் என் அக்கா பெயரும் இருந்தது. கண்ணிவெடியில் பாதி போன கால் மறுபடி சீழ் வைத்து, காய்ச்சலில் கிடந்தாள். டாக்டரையே கூட்டிக்கொண்டு போய் நினைவுச்சின்னத் துறை அதிகாரி முன்னால் நிறுத்தினேன்.

"சார், இவர்தான் அவர்."

"எவர்?"

"செத்துப்போனவர்."

அதிகாரி சட்டென்று எழுந்து கும்பிட்டார். "ஐயா, உங்க தொண்டு மகத்தானது. நீங்க இல்லாத குறை எங்களுக்கு நல்லாத் தெரியுது."

"நான் இருக்கேனே," என்றார் டாக்டர்.

"அது உங்க பெருந்தன்மை."

"உசிரோட இருக்கார் சார்! மருந்து வேணும்!"

"தம்பி, கத்தாதீங்க. உயிரோட இருக்கறவருக்குச் சிலை வைக்க விதியில இடமில்ல. இவர் இருக்கார்னு எழுதினா சிலையை உடைக்கணும். அமைச்சர் திறக்கப்போற சிலை! விழா முடியட்டும். அப்புறமா, உயிரோட இருக்கறதுக்குத் தனியா ஒரு மனு குடுங்க. பரிசீலிக்கிறோம்."

விழாவுக்கு ஊரே திரண்டது. அமைச்சரிடம் நேரிலேயே சொல்லிவிடுவது என்று அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். திரை விலகியது. "அமரருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி" என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லாரும் எழுந்து தலைகுனிந்தோம். மரியாதை தெரிந்த மனுஷர், டாக்டரும் எழுந்து நின்றார்.

அக்கா மட்டும் கத்தினாள். "அடப்பாவிங்களா! அவர் இதோ நிக்கறார்! எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"உஷ்!"

சொன்னது அதிகாரி இல்லை. அவர் பாவம், கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். சொன்னது ஊர். டாக்டர் தைத்துக் கொடுத்த விரல்கள் அத்தனையும் உதட்டுக்குப் போயின.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். அமைச்சர் திரும்பிப் பார்த்தார். நான்தான் அவள் வாயைப் பொத்தினேன். காய்ச்சலில் அவள் மூச்சு என் கையைச் சுட்டது. இரண்டு நிமிடம் முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.