டீசல் வண்டியை விட்டு நான் ஓடிய ஓட்டம்

எரிகிற காருக்குப் பக்கத்தில் பெற்ற தாயை விட்டுவிட்டு ஓடியவன் நான். யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இதைச் சொல்லாத ஆள் இல்லை.

அப்போது அப்பா போய் ஐந்து மாதம். அவர் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடர் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் நின்றது. அவர் இருந்தவரைக்கும் வெள்ளை வெளேரென்று இருந்த வண்டி, அவர் போனதும் கதவோரமெல்லாம் துருவைக் கக்க ஆரம்பித்தது. (துரு முன்னாடியே இருந்திருக்கிறது. அப்பா பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து, எங்கள் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறார்.)

ஒரு நாள் மாமா, அம்மாவின் தம்பி, வந்து சொன்னார்.

"அக்கா, வெள்ளிக்கெழம கறம்பக்குடியிலேர்ந்து பழைய இரும்புக்காரன் வாரான். எடைக்குப் போட்ருவோம். நின்னே மக்கிப்போச்சு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஐந்து மாதமும் அவள் அதிகம் பேசவே இல்லை. எனக்குத்தான் விட மனசில்லை. அந்த வண்டியும் போய்விட்டால் அப்பா என்று காட்டுவதற்கு வீட்டில் சுவரில் மாட்டிய போட்டோ மட்டும்தான் இருக்கும். அதிலும் அவர் அவராக இருக்க மாட்டார், முறைத்துக்கொண்டு இருப்பார்.

"நானே சரி பண்ணிருவேன் மாமா. எனக்கு வெல்டிங் தெரியும்."

(தெரியாது. கீரமங்கலத்தில் ஒரு கிரில் பட்டறையில் ரெண்டு மாதம் இருந்தேன். கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை.)

"எட்டாங்கிளாஸுல ரெண்டு வருசம் குந்தியிருந்தவன் நீயி," என்றார் மாமா. "சரி மாப்ள. வெள்ளிக்கெழம நான் வந்து பின்னாடி ஏறி ஒக்காருவேன். தரை தாங்குச்சுன்னா வண்டி இங்கனயே நிக்கட்டும். தாங்கலையா, இரும்புக்காரனுக்கு."

மாமா எப்படியும் தொண்ணூறு கிலோ இருப்பார். அன்று ராத்திரியே பயம் தொடங்கிவிட்டது.

மறுநாள் பின்கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. நனைந்த அப்பளம்கூட இன்னும் கொஞ்சம் எதிர்த்திருக்கும். பட்டியைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் காருக்குள் உட்கார்ந்தபடியே கீழே மேய்கிற கோழியைப் பார்க்க முடிந்தது.

வியாழக்கிழமை பட்டறை முதலாளி காலில் விழாத குறையாக வெல்டிங் மிஷினை வாங்கி வந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பக்கத்துல பத்துற சாமான் எதுவும் இருக்கக்கூடாதுடா."

தலையை ஆட்டினேன். ஆனால் பின் சீட்டு இருந்தது. தேங்காய் நார் அடைத்த பழைய சீட்டு. சவாரி இல்லாத மத்தியானங்களில் அப்பா அதில்தான் படுத்துத் தூங்குவார். தலைக்கு வைத்த துண்டு அப்படியே கிடந்தது. காரியம் முடிந்த அன்று அம்மா சொல்லியிருந்தாள்: "அந்த சீட்டுல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது." அதை எடுக்கட்டுமா என்று அவளிடம் கேட்கவே பயம். கேட்டு அவள் அழுதுவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் சீட்டைத் தொடாமல், அதற்கு அடியில் தகட்டை வைத்து வெல்டிங் அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அம்மா கொட்டகைக்கு எதிரில் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் பொறி பறந்ததும் கரண்ட் இறங்கி, பக்கத்து வீட்டு டிவி அணைந்துவிட்டது. வள்ளி அக்கா ரிமோட்டோடு வெளியே வந்தார்.

"என்னடா பண்ற அங்கிட்டு? நல்ல கட்டத்துல போச்சுடா!"

"இந்தா முடிஞ்சிருச்சுக்கா!"

எதுவும் முடியவில்லை. வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன். மறுபடியும் ஒட்டியது. நான்காவது தடவை தலையை நிமிர்த்தினால் சீட்டோரத்தில் நூல் மாதிரி புகை. ஊதினேன். (ஆமாம், ஊதினேன். பொங்கல் அடுப்பு என்று நினைத்தேன் போல.) குப்பென்று பற்றியது.

அந்த சீட்டுக்குப் பின்னால் டிக்கி. டிக்கிக்குள் டேங்க். என் தலைக்குள் அது மட்டும்தான் ஓடியது.

"பெட்ரோல் டேங்க் வெடிக்கப்போகுது! ஓடுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன். கண்மாய்க் கரை வந்துதான் நின்றேன். காலில் செருப்பு இல்லை, கையில் வெல்டிங் கண்ணாடி மட்டும் பத்திரமாக இருந்தது. பின்னாலேயே வள்ளி அக்கா ரிமோட்டோடு மூச்சிரைக்க வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார்.

"டேய்... ஒங்கம்மா எங்கடா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் கனவில் வரும். அப்பாவையாவது ஆஸ்பத்திரி கொண்டுபோனது. அம்மாவை நானே கொண்டுபோய்விட்டேனா? வந்தபோது றெக்கை கட்டிப் பறந்த கால், திரும்பிப் போகச் சொன்னால் கல்லையும் முள்ளையும் எண்ணியது. ஒவ்வொரு அடிக்கும் இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டே ஓடினேன்.

வெடிக்கவில்லை. சீட்டு வாசலில் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்த் தண்ணி மொத்தமும் காருக்குள் ஓடியது. அம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்து, அப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு வந்த மாமா காலி வாளியோடு என்னைப் பார்த்தார்.

"என்ன வெடிக்குமுன்னு கத்துன?"

"பெட்ரோல் டேங்க்..."

"டேய், மச்சான் இருவது வருசமா ஓட்டுனது டீசல் வண்டிடா! அதுவும் டேங்க் காஞ்சு கெடக்கு. டிரைவர் மகனாடா நீ?"

நான் தலையைக் குனிந்தேன். குனிந்ததால்தான் அதைப் பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில், கழுநீரில் நனைந்து ஒட்டிக்கொண்டு, கடலைமிட்டாய்க் காகிதம். ஒன்றிரண்டு இல்லை. ஒரு கூடை தேறும்.

அம்மாவும் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்து விரித்தாள். பிறகு காரைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"சக்கர வியாதிக்கார மனுசா! டீயில சீனி போட்டா கொலகாரியப் பாக்குற மாதிரி பாப்பீரே! இங்க ஒளிஞ்சு படுத்துத் தின்னுருக்கீரு! தூக்கமாம், தூக்கம்!"

ஐந்து மாதத்தில் அவள் பேசிய மொத்தத்தைவிட அதிகம். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு எதற்குப் பயப்படுவதென்று தெரியவில்லை.

மாமா மெதுவாக, "அக்கா, நாளைக்கி இரும்புக்காரன்..." என்றார்.

"வரச்சொல்லாத. இன்னும் எங்கெங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு நான் பாக்கணும்."

மாமா ஏறி உட்காரவே இல்லை. அவர் உட்கார்ந்திருந்தால் நேரே கோழி மேல்தான் உட்கார்ந்திருப்பார். பிறகு பட்டறை முதலாளியே வந்து, முன் சீட்டையும் டேங்க்கையும் கழற்றி வைத்துவிட்டு, தரைக்குப் புதுத் தகடு வைத்தார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

இப்போதும் நான் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வள்ளி அக்கா, "தம்பி, டீசலா பெட்ரோலா? நான் ஓடணுமா?" என்று கேட்கிறார். மாமா, எனக்குப் பொண்ணு பார்க்கப் போன வீட்டிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எம்புள்ள ஒண்ணும் பயந்து ஓடல. ஆள் கூட்டியாரப் போனான்."

அதற்குத்தான் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.