பிளாப்பியில் உள்ளபடி

அலுவலகத்தின் பழைய கோப்புகளையெல்லாம் பொதுநலன் கருதிக் கரையான்கள் தின்று முடித்திருந்தன. மிஞ்சியது பழைய கணினித் தட்டான ஒரே ஒரு பிளாப்பி. தட்டச்சர் அக்காவைப் பணி நிரந்தரமாக்கிய ஆணை அதற்குள்தான் இருந்தது. ஆணை பிறந்து பதினைந்து வருடம் ஆகியும் காகிதம் கையில் இல்லாததால் அக்கா தற்காலிகமே. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கணினி மெக்கானிக் பிளாப்பியை அப்படியே நகலெடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு ஆணையோட துண்டுகள் மாறி மாறிக் கிடக்கு சார். அந்தக் காலத்து மெஷின் ஒரு துண்டை முழுங்கி முடிக்கிறதுக்குள்ள தட்டு சுத்தி அடுத்தது தாண்டிப் போயிடும். அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு எழுதுவாங்க. வரிசைப்படுத்தித் தரேன்."

அதிகாரி பதறினார். "ஆவணத்துல கை வைக்கிறதா? ஜெயில் தெரியுமா? உள்ளது உள்ளபடி கொடுங்க!"

உள்ளபடியே அச்சாகி வந்தது:

'தற்காலிகத் தட்டச்சரை கால் உடைந்த மூன்று நாற்காலிகளை பணியில் நிரந்தரமாக்க உத்தரவிடப்படுகிறது ஏலத்தில் விட உத்தரவிடப்படுகிறது.'

அதிகாரி இரண்டு முறை படித்தார். "தெளிவாத்தான் இருக்கு. நாலு பேரும் நிரந்தரம்."

"சார், அது நாற்காலி…" என்றார் அக்கா.

"உங்களை மட்டும் நிரந்தரமாக்கினா பாரபட்சம் ஆயிடும்மா."

எதை ஏலம் விடுவது என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்குக் கோப்பு போனது. அக்கா வாயை மூடிக்கொண்டார். கைக்கு வந்த வேலையைக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

வெள்ளிக்கிழமை பணிமூப்புப் பட்டியல் ஒட்டப்பட்டது. நாற்காலிகளின் முதுகில் வாங்கிய வருடம் பெயிண்டில் எழுதியிருந்தது. அதன்படி அவை எல்லோருக்கும் மூத்தவை. ஊழியர்கள் கொதித்தெழுந்தார்கள். நாற்காலிகளுக்கு வேலை கொடுத்ததற்காக அல்ல, தங்களுக்கு மேலே போட்டதற்காக.

"விதின்னா விதிதான்," என்று அதிகாரி தன் அறையைக் காலி செய்து, மூத்த நாற்காலியை அங்கே சுவரோரம் சாய்த்து வைத்தார். விடுப்பு விண்ணப்பங்களை அதன்மேல் வைத்தார்கள். மறுப்பு வராததால் எல்லாம் அனுமதிக்கப்பட்டன. அக்கா தினமும் அறைக்குள் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து, மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் நாற்காலி முன்னால் அரைமணி நேரம் கைகட்டி நின்றுவிட்டு வெளியே வந்தார். "என்ன சொன்னார்?" என்று அடுத்து நின்றவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. ஆனா முன்னாடி இருந்தவருக்கு இவர் எவ்வளவோ தேவலை. எரிஞ்சு விழறதில்லை."