செத்த ராசாவின் வயிறு

செத்தவனாக நடிப்பதுதான் உலகத்திலேயே சுலபமான வேடம் என்று நினைப்பவர்கள், வயிறு நிறையத் தயிரோடு ஒருமுறை செத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். மன்னார்த் தீவில், எங்கள் அந்தோனியார் கோயில் திருநாளில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

அந்த வருடக் கூத்தில் எனக்கு ராசா வேடம். (பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பாட்டுப் பாடிவிட்டுப் போரில் செத்துவிடுவேன்.) கூத்தைப் பழக்கியவர் அண்ணாவியார், மேடையில் மத்தளம் அடிப்பவரும் அவர்தான். அவருடைய மகள் மெர்சியைத்தான் நான் கட்ட ஆசைப்பட்டேன். பெண் கேட்டுப் போன என் அம்மாவிடம், "கூத்து முடியட்டும். பெடியன் எப்பிடி எண்டு பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லியிருந்தார். ஆக, என் கலியாணமே அந்த மேடையில்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் வலை உதறும்போது காலில் கெளிறு மீனின் முள் குத்தியது. ஆஸ்பத்திரியில் தந்த அன்டிபயோட்டிக் குளிசைகளால் கால் வீக்கம் வற்றியது, வயிறு கலங்கியது. திரும்பப் போய்ச் சொன்னேன். டொக்டர் அம்மா சிரித்தார்.

"குளிசை கூடாத கிருமியோட சேத்து, குடலில இருக்கிற நல்ல கிருமியளையும் சாகடிச்சுப்போட்டுது. அதுகள்தான் சாப்பாடு செமிக்க உதவுறது, நோய் வராமலும் துணை நிக்கிறது. தயிர், பழஞ்சோறு, கீரை, பயறு எண்டு சாப்பிடுங்கோ. ஆனால் கொஞ்சம் கொஞ்சமா, என்ன?"

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் என் காது வாங்கவில்லை. எனக்குள் குடியிருந்த கோடானுகோடிச் சீவன்களை (அதுவரை ஒருவரோடும் அறிமுகமில்லை) ஒரே நாளில் திரும்பக் குடியேற்றிவிட முடிவெடுத்தேன். கூத்து நாள் மத்தியானம், கட்டுக்கரைப் பக்கமிருந்து வந்த எருமைத் தயிர் ஒரு மண்முட்டி, முழுதாக. அதன்மேல் வெங்காயம் கடித்துக்கொண்டு பழஞ்சோறு. அதுவும் போதாதென்று ஒரு பெரிய கோப்பை அவித்த பயறு. ஏப்பம் விட்டபோது உடம்பில் புதுத்தெம்பு வந்ததாகவே நம்பினேன்.

பின்னேரம் கூத்துத் தொடங்கியது. பாடினேன், ஆடினேன், வாள்வெட்டுப் பட்டு ஒழுங்காகச் செத்தேன். பிறகுதான் ராணியின் புலம்பல். ராணி, என்னோடு கடலுக்கு வரும் அல்பேட். மீசையை வழித்த துக்கத்தில் உண்மையாகவே அழுவான். சனம் மூச்சுக் காட்டாமல் இருக்க, என் நெஞ்சில் விழுந்து பாடினான்:

"ஒரு சத்தமாவது தாருமையா, என் ராசாவே!"

கொடுத்தேன்.

குர்ர்ர்ர் என்று தொடங்கி, கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல நீண்டு போய், ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது. இமை இடுக்கால் பார்த்தேன். முன்வரிசையில் மெர்சி கைலேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"டேய், செத்துக் கிடவன்ரா!" என்றான் அல்பேட், என் காதுக்குள்.

கூத்தில் ஒரு அடியை இரண்டு தரம் பாடுவது வழக்கம். இரண்டாம் தரமும் வயிறு மரியாதையாகப் பதில் சொன்னது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வயிற்றுக்குத்து ஏறியது. எழும்பி ஓடினால் கூத்தும் போச்சு, மெர்சியும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது மத்தளம் முழங்கியது. அண்ணாவியார் என் வயிற்றையே பார்த்து, அது உறுமும்போதெல்லாம் அந்தச் சத்தம் அமுங்கும்படி மத்தளத்தை ஓங்கி அடிக்கத் தொடங்கினார். புலம்பல் முடிந்து திரை விழுந்ததும் கிரீடத்தோடு ஓடினேன். (எங்கே என்று கேட்காதீர்கள்.) கடவுளே, அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வெளியே வந்தால் அண்ணாவியார் நிற்கிறார். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

"ஐயா... மத்தியானம் தயிர்..."

"விளங்கினது," என்றார். "அவ்வளவு வயித்துக்குத்தோடயும் செத்த இடத்தை விட்டு அசையாமல் கிடந்தனீர். என்ர மகளின்ர கோபத்துக்கு இந்தப் பொறுமை காணும். அம்மாவை வரச் சொல்லும்."

அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இப்போது என் வயிறு நலம். சாப்பாட்டோடு ஒரு சின்னக் கோப்பைத் தயிர், டொக்டர் அம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுக்கு விருந்தாட்கள் வந்தால் போதும், மெர்சி அந்தக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, அதே ராகத்தில் இழுப்பாள்: "ஒரு சத்தமாவது தாருமையா..."

அண்ணாவியார் மாமா கதிரையின் கையில் தாளம் போடத் தயாராக இருப்பார்.