கிணற்றில் போட்ட கடிகாரம்

"என் கிணத்துல வெளியாள் எவனும் காலை வைக்கக்கூடாது!" என்று டிக்கெட் பரிசோதகர் முழங்கினார். அவர் கையிலிருந்த சொம்பில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"ரெண்டு வருஷமா தூர் வாரச் சொல்லிக் கெஞ்சறேன். கேட்டா இடுப்பு வலி," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றார். இந்தக் கலங்கலையா குடிக்கக் குடுக்கறது? தூர் வாரறவர்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு வந்துடுவார்."

"வேண்டாம்னு சொல்லிடு. நானே இறங்கறேன்!"

"நீங்களா?"

"ஏன், நான் இறங்கினா கிணறு கோவிச்சுக்குமா?"

மனுஷனுக்குத் திடீரென்று பொங்கிய வீரத்துக்குக் காரணம் கிணற்றின் அடியில் கிடந்தது. மைத்துனர் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம். கால் மணிக்கு ஒருதரம் டிங் டாங் என்று அடித்து மூன்று மாதம் அவரைக் கண் மூடவிடாத சனியன். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அதைக் கிணற்றில் கடாசிவிட்டு, "ரிப்பேருக்குக் குடுத்தேன், கடைக்காரன் கடையைக் காலி பண்ணிட்டு ஓடிட்டான்" என்று கூசாமல் புளுகியிருந்தார். தூர் வாருகிறவர் கையில் அது சிக்கினால் மானம் கப்பலேறிவிடும். இருபது வருஷமாக ஊரார் திருட்டுப் பயணத்தைப் பிடிக்கிறவர் சொந்த வீட்டில் பிடிபடுவதா?

மறுநாள் காலை மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தாகிவிட்டது. தலையில் துண்டு, இடுப்பில் சுத்தியல். அகப்பட்ட இடத்திலேயே நொறுக்கிச் சேற்றோடு சேறாக மேலே அனுப்பிவிடுவது என்று திட்டம். உள்ளே முழங்கால் வரை சேறு. அவர் அள்ளி அள்ளி வாளியை நிரப்ப, மேலே மனைவி கயிற்றை இழுத்துக் கொட்டினாள்.

"ஏங்க, போதும், ஏறி வாங்க!"

"இன்னும் இருக்கு!"

"என்ன இருக்கு?"

"சேறுதான்! வேற என்ன இருக்கும்?"

இருபது வாளி. நாற்பது வாளி. ஒரு சோப்பு டப்பா வந்தது, இரண்டு கரண்டி வந்தது, பாதிச் சீப்பு வந்தது. கடிகாரம் வரவில்லை. கூலிக்கு இறங்கியவராக இருந்தால் எப்போதோ ஏறியிருப்பார். இவரோ வெள்ளை மணல் தெரியும்வரை நகத்தால் சுரண்டினார். கண்ணாடி மாதிரி ஊற்றுத் தண்ணீர் காலை நனைத்தது.

ஒருவழியாக மேலே வந்தபோது முகத்தில் விழி மட்டும்தான் வெள்ளை. துருப்பிடித்துக் கரைந்தே போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்குள்ளிருந்து டிங் டாங் என்றது.

"அது... என்ன சத்தம்?"

"எங்கண்ணன் குடுத்த கடிகாரம்ங்க. ஆறு மாசம் முன்னாடி வாளி கிணத்துல விழுந்துச்சே, பக்கத்து வீட்டு அக்காகிட்ட பாதாளக் கரண்டி வாங்கிப் போட்டுத் துழாவினேன். வாளிக்கு முன்னாடி இதுதான் கொக்கியில மாட்டிக்கிட்டு வந்துச்சு. மெஷினை மாத்தி, பேட்டரி போடாம அலமாரியில வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் போட்டேன்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டின புருஷன்கிட்ட ஆறு மாசமா மறைச்சியா? இது மோசடி இல்லையா? உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

"சொல்லியிருந்தா இறங்கியிருப்பீங்களா?"

"அப்போ அந்தத் தூர் வாரற ஆளு?"

"எந்த ஆளு? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

வாயைத் திறந்தார். சேறுதான் உள்ளே போனது.

"குளிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை," என்றாள் அவள். "உங்க கட்டிலுக்கு நேர் மேல ஒரு ஆணி அடிச்சுடுங்க. சுத்தியல்தான் இடுப்புலயே இருக்கே."